முழுக்கக் கட்டற்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம்: புதியவர்கள் தேர்ந்தெடுக்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் மெமரி எத்தனை ஜி.பி., பிராசசர் எந்தத் தலைமுறை, திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் எது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கடைக்காரர் எதைப் போட்டுத் தருகிறாரோ அதுவே நம் சிஸ்டம் ஆகிவிடுகிறது.

இப்போது இந்த நிலை கொஞ்சம் மாறி வருகிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, "லினக்ஸ் போட்டுப் பாருங்கள்" என்ற பதில் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது.

சரி, லினக்ஸ் போடலாம். ஆனால் எந்த லினக்ஸ்? அதிலும் முழுக்க முழுக்கக் கட்டற்ற சாப்ட்வேரால் ஆனது என்று சில சிஸ்டங்கள் தனியாகச் சொல்லிக்கொள்கின்றனவே, அவை எதற்கு? இதைப் பற்றி என் கருத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இலவசமும் சுதந்திரமும்

ஆங்கிலத்தில் "ப்ரீ" என்ற ஒரே சொல்லுக்கு இலவசம், சுதந்திரம் என இரண்டு பொருள். அதனால் அங்கே எப்போதும் குழப்பம். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. "கட்டற்ற சாப்ட்வேர்" என்றால் நம்மைக் கட்டிப் போடாத சாப்ட்வேர். அது பெரும்பாலும் இலவசமாகவும் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி, அவ்வளவுதான்.

இதற்கு நான்கு உரிமைகளை அடிப்படையாகச் சொல்வார்கள். எந்த வேலைக்கும் அந்தப் புரோகிராமைப் பயன்படுத்தலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று மூல நிரலைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, வேண்டியபடி மாற்றலாம். பிறருக்குக் காப்பி எடுத்துக் கொடுக்கலாம். நாம் மாற்றிய வடிவத்தையும் கொடுக்கலாம். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அது கட்டற்ற சாப்ட்வேர் இல்லை. காசு வாங்காமல் தரப்படும் பல சாப்ட்வேர்கள் இந்தக் கணக்கில் தோற்றுவிடும்.

"எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது, மூல நிரலை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் அப்பாவும் புரோகிராம் எழுதத் தெரியாதவர். ஆனால் இதன் பொருள் எனக்கு முன்பே அவருக்குப் புரிந்திருந்தது.

நாற்பது பக்கங்கள்

2003-ல் என் தாத்தா சொல்லச் சொல்ல, ஊரைப் பற்றியும் பழைய நாட்களைப் பற்றியும் அப்பா நாற்பது பக்கம் கம்ப்யூட்டரில் டைப் செய்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்களுக்கு டிஸ்கி, டேம், டேப் என ஆளுக்கொரு குறியீட்டு முறை. அப்பா பயன்படுத்திய சாப்ட்வேர் இவை எதிலும் சேராத, தனக்கே உரிய முறையை வைத்திருந்தது. கம்ப்யூட்டரின் பின்னால் டாங்கிள் என்ற பூட்டைச் செருகினால்தான் அது திறக்கும். சில ஆண்டுகளில் அந்தக் கம்ப்யூட்டர் பழுதானது. பூட்டு தொலைந்தது. விற்ற நிறுவனமும் கடையை மூடிவிட்டது. தாத்தாவும் போய்விட்டார்.

பைல் மட்டும் பத்திரமாக இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் விநோதக் குறிகளும்தான் தெரிந்தன. "நாம எழுதினதை நாமே படிக்க இன்னொருத்தர்கிட்ட சாவி வாங்கணுமாம்மா?" என்று அப்பா கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று பதில் தெரியவில்லை.

நல்ல வேளையாக அந்த நாற்பதில் ஒரு பக்கம் மட்டும் அச்சில் இருந்தது. இன்ஜினீயரிங் படிக்கும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று பட்டியல் போட்டேன். பழைய எழுத்துருவில் கொம்பு, எழுத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் பதிவாக வேண்டும். இதையெல்லாம் மாற்றிக் கொடுக்க ஒரு சிறிய புரோகிராம் எழுதினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. நாற்பது பக்கமும் திரும்பக் கிடைத்தன. அந்த ஒரு அச்சுப் பக்கம் இல்லாமல் போயிருந்தால்? நினைத்துப் பார்க்கவே மனம் வரவில்லை.

நம் பைல், நம் கம்ப்யூட்டர், நம் வீடு. ஆனால் சாவி வேறொருவரிடம். கட்டற்ற சாப்ட்வேர் வேண்டும் என்பவர்கள் எதிர்ப்பது இந்த நிலையைத்தான்.

எல்லாம் ஒரு பிரிண்டரில் தொடங்கியது

1980-ஐ ஒட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகத் தந்தது. அதில் பேப்பர் அடிக்கடி சிக்கியது. அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், முந்தைய பிரிண்டரின் புரோகிராமை மாற்றி, பேப்பர் சிக்கினால் அனைவருக்கும் செய்தி போகும்படி செய்திருந்தார். புதிய பிரிண்டருக்கும் அதையே செய்ய நினைத்தார். மூல நிரல் கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரும், பிறருக்குத் தருவதில்லை என்று உறுதி கொடுத்திருப்பதாகச் சொல்லிக் கைவிரித்தார்.

இந்த அனுபவமும் ஒரு காரணமாக, 1983-ல் ஸ்டால்மன் "க்னூ" என்ற திட்டத்தை அறிவித்தார். முழுக்கக் கட்டற்ற ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்குவது அதன் நோக்கம். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை எழுதினார். அடுத்த ஆண்டு அதை ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்துதான் இன்று நாம் லினக்ஸ் என்று சொல்லும் சிஸ்டம்.

எல்லா லினக்ஸும் முழுக்கக் கட்டற்றதா?

இல்லை. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

வை-பி கார்டு, கிராபிக்ஸ் கார்டு, புளூடூத் ஆகியவற்றுக்குள் சின்னச் சின்ன பிராசசர்கள் உண்டு. அவற்றில் ஓடும் புரோகிராமுக்குப் பெயர் பர்ம்வேர். பல கார்டுகளில், கம்ப்யூட்டர் ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் இதை எடுத்துக் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட பர்ம்வேர் பைல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூல நிரல் கிடையாது. தயாரிப்பாளர் தந்ததை அப்படியே பயன்படுத்த வேண்டியதுதான். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை நம் வசதிக்காக இவற்றைச் சேர்த்தே தருகின்றன.

இதை ஏற்காதவர்கள், மூல நிரல் இல்லாத பகுதிகளை நீக்கிய "லினக்ஸ்-லிப்ரே" என்ற கெர்னலைப் பராமரிக்கிறார்கள். ஸ்டால்மன் 1985-ல் தொடங்கிய ப்ரீ சாப்ட்வேர் பவுண்டேஷன், முழுக்கக் கட்டற்றவை என்று சில சிஸ்டங்களைப் பட்டியலிட்டுள்ளது. ட்ரிஸ்கெல், ப்யூர்ஓஎஸ், க்விக்ஸ் ஆகியவை அதில் உள்ளன. புதியவர்களுக்கு எளிதானது ட்ரிஸ்கெல். ஸ்பெயின் நாட்டின் கலீசியா பகுதியில் பிறந்தது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு, கட்டுள்ள பகுதிகளை நீக்கித் தயாரிக்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது டெபியன். 1993-ல் தொடங்கிய பழைய, பெரிய சிஸ்டம் இது. தன் முதன்மைத் தொகுப்பில் கட்டற்ற சாப்ட்வேரை மட்டுமே வைப்பது இதன் கொள்கை. பர்ம்வேர் இல்லாமல் இன்ஸ்டால் செய்யவே முடியாமல் பலர் திண்டாடியதால், 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். அதன்படி 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், தேவையான பர்ம்வேர் இன்ஸ்டால் செய்யும் பைலிலேயே வருகிறது. ஆனால் அவற்றை மற்றவற்றோடு கலக்காமல் "நான்-ப்ரீ-பர்ம்வேர்" என்ற தனிப் பிரிவில் வைத்தார்கள். இந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்பாவின் லேப்டாப்பில் நடந்தது

2025 நவம்பரில் அப்பாவின் லேப்டாப்பைக் கையில் எடுத்தேன். 2016-ல் வாங்கியது. ஐந்தாம் தலைமுறை பிராசசர், 4 ஜி.பி. மெமரி. "இதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுங்கள்" என்று சர்வீஸ் கடையில் சொல்லிவிட்டார்கள். நாற்பது பக்கக் கதை தெரிந்த வீட்டில் இனி கட்டற்றதுதான் என்று முடிவு செய்து, ட்ரிஸ்கெல்லைப் பென் டிரைவில் ஏற்றி லைவ் ஆக ஓடவிட்டேன்.

திரை வந்தது. சத்தம் வந்தது. லிப்ரே ஆபீஸ் திறந்தது. தாத்தாவின் நாற்பது பக்கங்களும் பளிச்சென்று தெரிந்தன. வை-பி மட்டும் வரவில்லை. பட்டியலில் ஒரு நெட்வொர்க்கின் பெயர்கூட இல்லை. ஏன் வரவில்லை என்று ஒரு வரித் தகவலும் இல்லை. உள்ளே இருந்த கார்டுக்கு மூல நிரல் இல்லாத பர்ம்வேர் தேவை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

"நீ இன்ஜினீயர்தானேம்மா, திறந்து பார்த்துச் சரி பண்ண முடியாதா?" என்றார்.

"முடியாதுப்பா. இதுக்கு மூல நிரல் கிடையாது."

"அப்ப இதுக்கும் சாவி அவங்ககிட்டதானா?"

அதே கேள்வி! இம்முறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் பிடிக்கவில்லை.

அன்று மாலை டெபியனை இன்ஸ்டால் செய்தேன். வை-பி கார்டுக்கான பர்ம்வேரை அதுவே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டது. சற்று நேரத்தில் அப்பா இன்டர்நெட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

என் கருத்து

இதில் இரண்டு தரப்பினரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரு தரப்பு, "ஒரு பைலை விட்டுக்கொடுத்தால் நாளை எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பாய்" என்கிறது. மறு தரப்பு, "வேலை நடந்தால் போதும், கட்டாவது கட்டற்றதாவது" என்கிறது. எனக்கு இரண்டிலும் முழு உடன்பாடு இல்லை.

முதல் தரப்புக்கு ஒரு கேள்வி. பிராசசருக்குள்ளேயே மைக்ரோகோட் என்ற புரோகிராம் இருக்கிறது. அது தொழிற்சாலையிலிருந்தே வருகிறது, மூல நிரல் கிடையாது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைகள் வெளியானபோது, அவற்றில் சிலவற்றைத் தடுக்க மைக்ரோகோடை அப்டேட் செய்ய வேண்டியிருந்தது. முழுக்கக் கட்டற்ற சிஸ்டங்கள் இந்த அப்டேட்டைத் தருவதில்லை. அப்டேட் போடாததால் மைக்ரோகோட் இல்லாமல் போய்விடாது. குறை உள்ள பழைய மைக்ரோகோடே ஓடிக்கொண்டிருக்கும். தயாரிப்பாளர் பயாஸ் அப்டேட்டில் சேர்த்துத் தந்தால் மட்டும் தப்பலாம். இதில் நமக்கு என்ன சுதந்திரம் கூடியது? எனக்குப் புரியவில்லை.

மறு தரப்புக்கும் ஒரு கேள்வி. அப்பாவின் தமிழ் சாப்ட்வேரும் வாங்கிய அன்று நன்றாகத்தானே வேலை செய்தது? பூட்டு தொலைந்த அன்றுதானே விஷயம் தெரிந்தது? வேலை நடக்கும்வரை பூட்டு கண்ணில் படாது.

ஆகவே என் சிபாரிசு இதுதான். முதலில் முழுக்கக் கட்டற்ற சிஸ்டத்தை முயன்று பாருங்கள். உங்கள் ஹார்ட்வேர் அதில் வேலை செய்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். செய்யாவிட்டால் டெபியனுக்கு வாருங்கள். பர்ம்வேர் பிரிவைத் தவிர வேறு கட்டுள்ள எதையும் சேர்க்காதீர்கள். தனிப் பிரிவாக இருப்பதால், எந்தெந்த இடத்தில் விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்று உங்களுக்கு எப்போதும் தெரியும். தெரிந்தால் ஒருநாள் அதை மாற்றவும் முடியும்.

அப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. ஏ.ஆர்.9271 என்ற சிப் உள்ள யு.எஸ்.பி. வை-பி அடாப்டர் ஒன்று தேடி வாங்கினேன். இதன் பர்ம்வேருக்கு மூல நிரலே வெளியிடப்பட்டிருக்கிறது. அதனால் ட்ரிஸ்கெல்லில் செருகியவுடன் வேலை செய்கிறது. பழைய சிப் என்பதால் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடும், வேகம் சுமார்தான். அப்பாவுக்கு அது போதும். இப்போது அவர் லேப்டாப்பில் ஓடுவது ட்ரிஸ்கெல்தான். பிராசசர் மைக்ரோகோட் விஷயத்தில் நான் சொன்ன குறை அதிலும் உண்டு. அதையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "தெரிஞ்சு இருக்கறது வேற, தெரியாம இருக்கறது வேற" என்றார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. புதிய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? தேர்வு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வை-பி சிப், கிராபிக்ஸ், பிரிண்டர் மாடல் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்டு, லினக்ஸில் கூடுதல் பைல் இல்லாமல் ஓடுமா என்று பாருங்கள். முடிந்தால் பென் டிரைவைக் கடைக்கே கொண்டு போங்கள்.

2. எதையும் இன்ஸ்டால் செய்வதற்கு முன் உங்கள் பைல்கள் அனைத்தையும் வேறொரு டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். இதை மட்டும் தள்ளிப் போட வேண்டாம்.

3. பென் டிரைவில் லைவ் ஆக ஓடவிட்டு வை-பி, சத்தம், கேமரா, பிரிண்டர் ஆகியவற்றைச் சோதியுங்கள். லைவ் ஆக ஓடும்போது இன்ஸ்டால் என்பதைத் தேர்ந்தெடுக்காதவரை ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது அப்படியே இருக்கும்.

4. வை-பி வரவில்லை என்றால் பதற வேண்டாம். போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து டெதரிங் செய்து பாருங்கள். பெரும்பாலும் வேலை செய்யும்.

5. யு.எஸ்.பி. அடாப்டர் வாங்கும்போது சிப்பின் பெயரைப் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்பில் ஒரு சிப்பும் அடுத்த பதிப்பில் வேறு சிப்பும் வருவதுண்டு.

6. தமிழில் டைப் செய்ய ஐபஸ் என்ற வசதி உள்ளது. அதில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். எழுதுவதெல்லாம் யூனிகோடில்தான் பதிவாகும்.

7. குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். டி.ஆர்.எம். பூட்டுப் போட்ட சினிமாத் தளங்கள் முழுக்கக் கட்டற்ற சிஸ்டத்தில் ஓடாது. அலுவலக வேலைக்கு விண்டோஸில் மட்டுமே ஓடும் சாப்ட்வேர் கட்டாயம் என்றால், அந்தக் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வீட்டில் உள்ள பழையதில் தொடங்குங்கள்.

"இதெல்லாம் இன்ஜினீயர்களுக்குத்தான் சரிப்படும்" என்று ஒதுங்க வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிக் குழந்தைகள் 2000-களிலிருந்தே கட்டற்ற சாப்ட்வேரில்தான் கம்ப்யூட்டர் கற்கிறார்கள். என் அப்பாவுக்கும் பழக ஒரு வாரம்தான் ஆனது. இப்போது தாத்தாவின் நாற்பது பக்கங்களுக்குப் பிறகு, தன் நினைவுகளை நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து டைப் செய்துகொண்டிருக்கிறார். யூனிகோடில், எந்த நிறுவனமும் தனியாகச் சொந்தம் கொண்டாட முடியாத ஓ.டி.டி. பைலாக. இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து அதைத் திறக்க என் பிள்ளைகள் யாரிடமும் சாவி கேட்க வேண்டியிருக்காது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பைல் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பாருங்கள். இன்னொரு கம்ப்யூட்டரிலும் அது திறக்கிறதா என்று சோதியுங்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பற்றிய முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.